பெட்ரோல் இன்ஜெக்டர்: அழுத்தம் சீராக இருப்பது ஏன் முக்கியம்?

புதுடெல்லி: லோதி ரோட்டில் உள்ள வானிலை ஆய்வுத் துறை வளாகத்தில் தலைநகரின் காற்று மாசு அளவிடப்படுகிறது. வாகனப் புகையைக் குறைப்பதற்காக டெல்லியில் 2018 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 எரிபொருள் விற்கப்படுகிறது. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 விதிகள் நாடு முழுவதும் அமலுக்கு வந்ததையடுத்து, புதிய பைக்குகளில் கார்புரேட்டரின் இடத்தை இன்ஜெக்டர் பிடித்தது.

இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே இசியு எனப்படும் மின்னணுக் கருவி தீர்மானிக்கிறது. அழுத்தம் மாறாது என்ற நம்பிக்கையில் போடப்படும் கணக்கு அது. அந்த அழுத்தத்தைச் சுமார் 3 பார் அளவில் ரெகுலேட்டர் நிலைநிறுத்துகிறது. அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே பாய்வு அமையும். அது 10 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் சுமார் 5 சதவீதம் குறையும். ரெகுலேட்டர் பழுதாகி அழுத்தம் கூடினாலோ, பெட்ரோல் மிகுந்து கார்பன் மோனாக்சைடு பெருகும். ஆக்சிஜன் சென்சார் இதை ஓரளவே ஈடுசெய்யும். இன்ஜெக்டரைக் கழற்றும் முன் அழுத்தமானியைப் பொருத்திப் பார்ப்பதே முறை.