கூட்டாளி மாறினால் போதுமா? தேசியத் தேர்தல் அதிர்ச்சிகளும் தென்காசித் தொகுதியும்

1977 மார்ச்சில் இந்திரா காந்தி ரேபரேலியில் தோற்றார்; விடுதலைக்குப் பின் முதன்முறையாக டெல்லி ஆட்சி காங்கிரசின் கையை விட்டுப் போனது. அதே தேர்தலில் தென்காசித் தனித்தொகுதியில் காங்கிரசின் எம். அருணாசலம் வென்றார். 1980-இல் இந்திரா மீண்டு வந்தபோதும் அவரே வென்றார். 1984, 1989, 1991 தேர்தல்களிலும் அப்படியே. 1996-இல் காங்கிரஸ் உடைந்து மூப்பனார் தமிழ் மாநிலக் காங்கிரசைத் தொடங்கியபோது, புதுக் கட்சியின் சைக்கிள் சின்னத்திலும் அவரே வென்று மத்திய அமைச்சருமானார். இந்த இருபதாண்டில் டெல்லி எத்தனையோ முறை புரண்டது. தென்காசியின் உறுப்பினர் மாறவில்லை. மாறியது அவருக்குப் பக்கத்தில் நின்ற கட்சி. 1977-இல் அதிமுக, 1980-இல் திமுக, 1984 முதல் 1991 வரை மறுபடி அதிமுக, 1996-இல் மறுபடி திமுக.

ஒரு பெரும் தேர்தல் முடிவுக்குப் பிறகு கட்சிகள் தம்மை எப்படிச் சரிசெய்துகொள்கின்றன என்ற கேள்விக்கு மேலைநாட்டு அரசியல் அறிவியலில் ஓர் எடுப்பான விடை உண்டு. கட்சிகள் இயல்பிலேயே பழமை பேணும் அமைப்புகள். தலைமை மாறினாலோ, உள்ளே ஆதிக்கம் செலுத்தும் குழு மாறினாலோ, வெளியிலிருந்து பலத்த அடி விழுந்தாலோதான் அவை மாறும் என்று ராபர்ட் ஹார்மெலும் கென்னத் ஜாண்டாவும் 1994-இல் வாதிட்டனர். வாக்கைப் பெருக்குவதே குறியாக உள்ள கட்சிக்குத் தேர்தல் தோல்விதான் அந்தப் பலத்த அடி. பிரிட்டனின் தொழிற்கட்சி தொடர் தோல்விகளுக்குப் பிறகு 1995-இல் தன் சட்ட விதியின் நான்காம் பிரிவையே திருத்தி எழுதியது இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று.

இந்தக் கோட்பாடு தனித்து நின்று தோற்கும் கட்சிகளைப் பார்த்து உருவானது. தமிழ்நாட்டில் 1970-களிலிருந்து பெரிய கட்சிகள் தோல்வியைத் தனியாகச் சுமந்தது அரிது. அதிமுக 2014-இல் தனித்து நின்று 39-இல் 37 இடங்களை வென்றதுபோல வெற்றியைத் தனியாகச் சுமந்ததும் அரிது. இங்கே தேர்தல் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது கூட்டணிதான். கூட்டாளியை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும்வரை, கட்சி தன்னை மாற்றிக்கொள்ளும் கட்டாயம் தள்ளிப்போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தென்காசியைச் சான்றாகக் கொள்ளக் காரணம் உண்டு. பெரிய கட்சிகள் பங்கீட்டு மேசையில் தோழமைக் கட்சிகளுக்குத் தாராளமாகத் தள்ளிவிட்ட தொகுதி இது. அதிமுக இங்கே முதன்முதலாக வென்றது 1998-இல். திமுகவுக்கோ 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1967-இல் மாநிலம் முழுக்க அடித்த உதயசூரியன் அலையில்கூட இத்தொகுதி காங்கிரசிடமே நின்றது.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் வலுவான சான்றையும் சொல்லிவிடுகிறேன். 2004 மே 13-இல் வந்த முடிவில் திமுக தலைமையிலான அணி 39 தொகுதிகளையும் வாரிக்கொண்டது. ஆளுங்கட்சியான அதிமுகவுக்கு ஓரிடமும் இல்லை. ஐந்தே நாளில், மே 18-இல், முதல்வர் ஜெயலலிதா மூன்றாண்டுக் கடுமைகளைத் திரும்பப் பெற்றார். கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் போயிற்று. விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் திரும்பி வந்தது. வசதியுள்ளோர் எனப் பிரித்துக்காட்ட ரேஷன் அட்டையில் இட்ட ‘எச்’ முத்திரை நீங்கியது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்துக்காக அரசு ஊழியர், ஆசிரியர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகளும் பத்திரிகைகள் மீதான அவதூறு வழக்குகளும் கைவிடப்பட்டன. இவ்வளவு விரைவான கொள்கைப் பின்வாங்கல் அரிது.

இது கட்சி மாறியதாகுமா? அரசாணை மாறியது, கட்சி முடிவெடுக்கும் முறை மாறவில்லை. முடிவெடுப்பது ஒருவராக இருந்தால் திருத்தமும் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடுகிறது. தேர்தல் களத்தில் அடுத்து நடந்த பெரிய மாற்றம் பழைய வகையைச் சேர்ந்ததே: 2004-இல் திமுக அணியில் நின்ற வைகோவின் மதிமுக 2006-இல் அதிமுக பக்கம் வந்தது. அந்தத் தேர்தலில் திமுக 96 இடங்களோடு தனிப்பெரும்பான்மை இல்லாமல் நின்றதற்கும் அதிமுக 61 இடங்களோடு மீண்டதற்கும் மே 18 அறிவிப்புகளுக்குப் பங்கு இருக்கலாம். மதிமுகவுக்கும் பங்கு இருக்கலாம். இரண்டையும் பிரித்தளக்க வழியில்லை.

தென்காசியில் இந்தக் காலத்தின் தடம் இன்னும் வேடிக்கையானது. 2004-இல் திமுக அணியில் நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அப்பாத்துரை வென்றார். 2009-இல் அதே கட்சி அதிமுக அணியில் நின்றது. அதன் வேட்பாளர் லிங்கம் வென்றார். கதிர் அரிவாள் சின்னம் ஒன்றே. அதைத் தாங்கிய தோள்கள் வேறு. வாசுதேவநல்லூர்ச் சட்டமன்றத் தொகுதியில் மதிமுகவின் சதன் திருமலைக்குமார் 2006-இல் அதிமுக அணியிலும் 2021-இல் திமுக அணியிலும் வென்றார். நடுவே 2014 மக்களவைத் தேர்தலில் பாஜக அணியின் வேட்பாளராகத் தென்காசியில் நின்று மூன்றாமிடம் பெற்றார். இதை வெறும் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்குவது எளிது. சிறு கட்சியின் பக்கமிருந்து பார்த்தால், பெரிய கட்சி வாங்கிய அடியின் விலையைத் தம் முகவரியை மாற்றிக் கொடுப்பவர்கள் இவர்களே.

முகவரி மாற்றிப் பயன் பெறாதவரும் இங்கே உண்டு. புதிய தமிழகம் கட்சியின் தலைவர் கிருஷ்ணசாமி 1990-களின் இறுதியிலிருந்து இத்தொகுதியில் திரும்பத் திரும்ப நின்றவர். 2014-இல் திமுக கூட்டணி, 2019-இலும் 2024-இலும் அதிமுக கூட்டணி. ஒருமுறைகூட நாடாளுமன்றம் செல்லவில்லை.

2019 அதிர்ச்சி தென்காசியை அடுத்த குற்றாலத்தோடு சம்பந்தப்பட்டது. அதிமுகவிலிருந்து பிரிந்த டி.டி.வி. தினகரனின் ஆதரவாளர்களான, தகுதி நீக்கம் செய்யப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்கள் 2018 அக்டோபரில் உயர்நீதிமன்றத்தின் மூன்றாவது நீதிபதி தீர்ப்பை எதிர்நோக்கித் தங்கியிருந்தது குற்றாலத்து விடுதியொன்றில். 25-ஆம் தேதி தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. மறு ஆண்டு மே 23-இல் தினகரனின் அமமுக மக்களவையிலும் இடைத்தேர்தல்களிலும் ஓரிடமும் பெறவில்லை. ஜூன் இறுதியில், தகுதி நீக்கப்பட்டவர்களில் ஒருவரான தங்க தமிழ்ச்செல்வன் திமுகவுக்குப் போனார். ஜூலையில் அமமுகவின் இவ்வட்டாரத் தூணாக இருந்த முன்னாள் அமைச்சர் இசக்கி சுப்பையா, தென்காசியில் நடந்த விழாவில் முதல்வர் பழனிசாமி முன்னிலையில் அதிமுகவுக்குத் திரும்பினார். 2021-இல் அம்பாசமுத்திரத்தில் வென்றார். தோற்ற கட்சியின் தூண்கள் சரியத் தொடங்க இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அதே ஜூலை 18-இல் தென்காசி தனி மாவட்டமாகும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. நவம்பர் 22-இல் மாவட்டம் பிறந்தது. நெடுநாள் கோரிக்கை அது. அப்போது ஆண்ட அதிமுகவின் மக்களவைத் தேர்தல் தோல்வி மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் கோரிக்கை பல ஆண்டு கிடந்து, தேர்தல் தோற்ற எட்டாவது வாரத்தில் நிறைவேறத் தொடங்கியதைத் தற்செயல் என்றும் தள்ள முடியவில்லை. இதற்கு ஒரு துணைவிளைவும் உண்டு. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களில் வார்டு வரையறை முடியும்வரை ஊரக உள்ளாட்சித் தேர்தல் கூடாது என்று உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்ததால், மற்ற மாவட்டங்கள் 2019 டிசம்பரில் வாக்களித்தபோது தென்காசி காத்திருந்தது. தேர்தல் நடந்தபோது 2021 அக்டோபர். அதற்குள் ஆட்சியே மாறிவிட்டது. அறுவடை திமுகவுக்கு.

இனி 2024. 2023 செப்டம்பர் 25-இல் அதிமுக பாஜகவை விட்டு விலகியது. தென்காசியில் திமுகவின் மருத்துவர் ராணி ஸ்ரீகுமார் சுமார் 4.26 லட்சம் வாக்கு பெற்றார். இரட்டை இலையில் நின்ற கிருஷ்ணசாமிக்கு 2.29 லட்சம், தாமரையில் நின்ற ஜான் பாண்டியனுக்கு 2.09 லட்சம். பின்னிருவரின் கூட்டுத்தொகை 4.38 லட்சம், வென்றவரைவிடக் கூடுதல். இந்த மாதிரிக் கூட்டல்களை மாநிலம் முழுக்கப் போட்டுப் பார்த்தவர்களுக்கு விடை ஒன்றாகவே தெரிந்தது. 2025 ஏப்ரல் 11-இல் அமித் ஷா சென்னையில் பழனிசாமியை அருகில் வைத்துக்கொண்டு கூட்டணியை மீண்டும் அறிவித்தார்.

கூட்டல் சரி, அதிலிருந்து எடுத்த பாடம்தான் கேள்விக்குரியது. 2019-இல் இரு கட்சிகளும் சேர்ந்தே நின்றன. கிருஷ்ணசாமி பெற்றது 3.56 லட்சம்தான். சேர்ந்து நின்றதைவிடப் பிரிந்து நின்று 82 ஆயிரம் அதிகம் பெற்றார்கள் என்று ஆகிறது. இந்தப் புதிர் அமமுகவைக் கணக்கில் சேர்த்ததும் அவிழ்கிறது. 2019-இல் தனியே நின்ற அமமுக இங்கே 92 ஆயிரம் வாக்கு எடுத்தது. 2024-இல் பாஜக அணியில் இருந்தது. ஆக, திமுகவுக்கு எதிரான இந்த முகாமின் மொத்தம் 2019-இல் 4.48 லட்சம், 2024-இல் 4.38 லட்சம். இரு முகாமாகப் பிரிந்ததால் இழந்தது வெற்றி. வாக்கு ஏறக்குறைய அசையவில்லை.

அசைந்தது வேறிடத்தில். திமுகவின் வாக்கு 4.76 லட்சத்திலிருந்து 50 ஆயிரம் குறைந்தது, 2019-இல் 24 ஆயிரம் எடுத்த மக்கள் நீதி மய்யம் இப்போது அதன் பக்கம் இருந்தும். கூட்டணியே வேண்டாம் என்று நிற்கும் நாம் தமிழர் கட்சி 59 ஆயிரத்திலிருந்து 1.30 லட்சத்துக்கு ஏறியது. மொத்த எண்களை வைத்து இன்ன வாக்காளர் இன்ன கட்சியிலிருந்து இன்ன கட்சிக்குப் போனார் என்று சொல்ல முடியாது; வாக்களித்தோர் பட்டியலும் ஐந்தாண்டில் ஒன்றாக இருக்காது. ஆயினும், இரு பெரும் முகாம்களும் தேய்ந்து, யாரோடும் சேராத ஒன்று இரட்டிப்புக்கு மேல் வளர்ந்திருக்கிறது. மாநில அளவிலும் அக்கட்சி சுமார் 4 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காட்டுக்கு உயர்ந்து அங்கீகாரம் பெற்றது. தேர்தலுக்குப் பின் கட்சிகள் பார்த்தது முகாம்களின் கூட்டுத்தொகையை. எந்த முகாமிலும் சேராத கட்சிக்குக் கூடிய சுமார் 71 ஆயிரம் வாக்கு அந்தக் கணக்கில் வருவதேயில்லை.

இதைக் கூட்டணி அரசியலின் குருட்டுப்புள்ளி என்பேன். மறுப்பு வரும் என்று தெரியும்: ஒரு விழுக்காடு வாக்கு வித்தியாசத்தில் ஆட்சியே மாறும் தேர்தல் முறையில் கூட்டலைத் தவிர கட்சிகள் வேறெதைப் பார்க்கும்? நியாயம்தான். தென்காசிச் சட்டமன்றத் தொகுதியிலேயே 2016-இல் அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியன் காங்கிரசின் பழனி நாடாரை 462 வாக்கில் வென்றார். 2021-இல் அதே பழனி நாடார் அவரை 370 வாக்கில் வென்றார். தபால் வாக்குகளை நீதிமன்ற ஆணைப்படி 2023-இல் மறுபடி எண்ண வேண்டி வந்தது. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு சிறு தோழமைக் கட்சியைச் சேர்ப்பது உடனடி லாபம் தருகிறது. ஒன்றியச் செயலாளரை மாற்றுவதும், கிளையைப் புதுப்பிப்பதும், இளைஞர்கள் ஏன் விலகுகிறார்கள் என்று கேட்பதும் அடுத்த தேர்தலுக்குள் பலன் தராத வேலைகள். ஆகவே மலிவான திருத்தமே ஒவ்வொரு முறையும் தேர்வாகிறது. விலையுயர்ந்த திருத்தத்தைச் செய்யத் தூண்டக்கூடிய அளவுக்குத் தோல்வியின் வலி எந்தக் கட்சியிடமும் நீண்ட நாள் தங்குவதில்லை.