நழுவும் நரம்பு

"நரம்பு நல்லாத் தெரியுதும்மா, ஆனா ஊசி வச்சா நழுவுது" என்றாள் ரத்தம் எடுக்க வந்த பெண். அம்மா கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வயது எண்பதைத் தொடுகிறது. தோல் மெலிந்து, முழங்கைக்குக் கீழே பச்சைக் கோடுகள் புடைத்துக் கிடந்தன. மேற்கையில் ரப்பர் பட்டை இறுகியிருந்தது. "எனக்கு எப்பவும் அப்படித்தான். அந்தக் கையில பாரும்மா, அதுல நரம்பு கெடைக்கும்" என்றாள் அம்மா. பக்கத்தில் நின்ற நான் மட்டும் மனத்துக்குள் சிவப்பு மையால் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன்: நரம்பு அல்ல, சிரை.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். திருத்தம் தேவைப்பட்டது எனக்குத்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் 'நரம்பு' ஒரு பெரிய குடும்பத்துக்குத் தலைவர்போல உட்கார்ந்திருக்கிறது. தசையை எலும்போடு கட்டும் நாண், ரத்தம் ஓடும் குழாய், உணர்ச்சியைக் கடத்தும் இழை, யாழின் தந்தி, இலையில் ஓடும் கோடு எல்லாம் அதன் கீழ்தான் வருகின்றன. அண்டை மொழிகளிலும் இதே கதை. மலையாளத்தில் 'ஞரம்பு', தெலுங்கில் 'நரமு', கன்னடத்தில் 'நர'. அங்கேயும் ஊசி போடுகிறவர் இதே சொல்லைச் சொல்லித்தான் கையைத் தடவுகிறார். 'நார்' என்பதோடு இதை முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் ஆசை வரும், பொருளும் இசைகிறது. ஆனால் மலையாளத்தில் நார் 'நார்' ஆகவே இருக்க, நரம்பு மட்டும் ஞகரத்தில் தொடங்குகிறது. நண்டு பழந்தமிழில் 'ஞண்டு' ஆக இருந்ததைப் போல, நரம்புக்கும் ஞகரமே முந்தியதாக இருக்கலாம். அப்படியானால் நாரும் நரம்பும் உடன்பிறந்தவை அல்ல, ஒரே தெருக்காரர்கள் என்றுதான் சொல்ல முடியும்.

பழம்பாட்டில் சாட்சி தேடினால் முதலில் கிடைப்பவள் ஒரு கிழவி. புறநானூற்றின் 278-ஆம் பாட்டு, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் போரில் புறங்காட்டினான் என்று ஊரார் சொல்லக் கேட்டுக் கொதிக்கிற தாய் அதில் வருகிறாள். அவளைப் புலவர் அறிமுகம் செய்வது நரம்பை வைத்துத்தான்: வற்றிய தோளில் நரம்பு எழுந்து தெரிகிறது. முதுமையில் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைய, புடைத்துத் தெரிவது ரத்தக் குழாய். உணர்ச்சி நரம்பு எந்த வயதிலும் அப்படி வெளியே தெரிவதில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தத் தாயின் தோளும் என் அம்மாவின் கையும் ஒரே சொல்லால் சொல்லப்படுகின்றன.

இன்னொரு பக்கம், இசைக்காரர்கள். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று இசைநூல் மரபு எண்ணிச் சொல்கிறது. தந்தியின் பெயராக இருந்தது, தந்தி எழுப்பும் சுரத்துக்கும் பெயரானது: குரல், துத்தம் முதலான ஏழையும் 'ஏழு நரம்பு' என்றே உரைகாரர்கள் எழுதினார்கள். மூன்றாவது பக்கம், வெற்றிலைத் தட்டு. காம்பைக் கிள்ளி, பின்பக்கத்து நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பு தடவுகிற கைக்கு உடற்கூறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. கை, யாழ், இலை மூன்றிலும் பொதுவாக இருப்பது வடிவம். நீண்டது, மெலிந்தது, விரலுக்குத் தட்டுப்படுவது. உள்ளே ஓட்டை உண்டா, அதில் என்ன ஓடுகிறது என்ற கேள்வியை அந்தச் சொல் கேட்கவே இல்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கிரேக்கத்தில் 'நியூரான்' என்றால் முதலில் தசைநாண், அதிலிருந்து செய்த கயிறு. வில்லின் நாணும் அந்த வட்டத்தில்தான். லத்தீனில் 'நெர்வஸ்' என்பதும் தசைநாண், வில் நாண், இசைக்கருவியின் தந்தி. நம் நரம்பும் அவர்களின் நெர்வஸும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே வழியில் நடந்திருக்கின்றன. பிரிவினை கத்தியோடு வந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மனித உடல்களை அறுத்துப் பார்த்த ஹெரோஃபிலஸ், மூளையோடும் தண்டுவடத்தோடும் சேர்கிற இழைகள் உணர்ச்சியையும் அசைவையும் தருகின்றன என்று கண்டார். அதன்பின் மெல்ல மெல்ல நியூரான் அவற்றுக்கே உரியதாகச் சுருங்கியது.

ரத்தக் குழாய்களின் பெயர்களிலும் வேடிக்கை உண்டு. இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். அதனால் கிரேக்கர் அவற்றில் காற்று ஓடுகிறது என்று நம்பினார்கள். 'ஆர்ட்டீரியா' என்ற பெயரும் மூச்சுக்குழாயோடு பங்குபோட்டுக்கொண்டது. அவற்றில் இருப்பது ரத்தம்தான் என்று காட்டியவர் கிரேக்க மருத்துவர் காலன். நாம் கடன் வாங்கிய 'தமனி'யும் ஊதுதல் என்ற பொருளுள்ள சமஸ்கிருத வேரிலிருந்து வந்ததே. ஆயுர்வேத ஆசான் சுசுருதர் 700 சிரைகளையும் 24 தமனிகளையும் எண்ணினார்.

தமிழில் உடற்கூற்றுப் பாடநூல் எழுதியவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன் காலம் தொட்டு, மேல்நாட்டு நூல் பிரித்துவைத்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் தேவைப்பட்டது. நாளடைவில் நரம்பு உணர்ச்சி இழைக்கு ஒதுக்கப்பட்டது. ரத்தக் குழாய்களுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் தமனி, சிரை என்றது. இலங்கைப் பாடநூல் நாடி, நாளம் என்றது. இதனால் அங்கே நாளம் என்றால் சிரை மட்டும். இங்கே 'இரத்த நாளம்' என்றால் இரண்டும். தாவரவியல் ஆசிரியர் மட்டும் பழைய வழக்கை விடவில்லை: இலையில் நீரும் உணவும் கடத்தும் குழாய்த் தொகுதிக்கு அவர் இன்றும் 'நரம்பமைவு' என்றுதான் பாடம் நடத்துகிறார். முதல் பாடவேளையில் நரம்பு குழாய்; அடுத்த பாடவேளையில் நரம்பு குழாயே அல்ல.

ஊர் இந்த ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. சதையில் போடுவது சதை ஊசி, சிரையில் போடுவது 'நரம்பு ஊசி'. காலில் சிரை சுருண்டு புடைத்தால் 'நரம்பு சுருட்டல்'. தோலுக்கடியில் நூல்போல நெளிந்து வெளிவந்த கினிப்புழு 'நரம்புச் சிலந்தி'. அதே புழுவை மத்தியகால ஐரோப்பிய மருத்துவர்கள் அரபு வழக்கைப் பின்பற்றி 'மதீனாச் சிரை' என்றார்கள். நோய் 2000-இல் இந்தியாவை விட்டு ஒழிந்ததாகச் சான்று கிடைத்துவிட்டது; சொல் அகராதியில் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில், நரம்பு சுருட்டலுக்கு நரம்பியல் மருத்துவரிடம் சீட்டுப் போட்டுக் காத்திருந்து திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய தமிழில் பிழை இல்லை, பலகையில் எழுதியிருந்த தமிழ்தான் வேறு.

முழங்கையின் உள்மடிப்பை ஒருமுறை உற்றுப் பார்த்தால் குழப்பத்தின் முழு வரைபடமும் அங்கேயே கிடைக்கும். தோலுக்குக் கீழே சாய்வாக ஓடுகிறது ரத்தம் எடுக்கும் சிரை. பக்கத்தில் கயிறுபோல விறைப்பாகத் தட்டுப்படுவது இருதலைத் தசையின் நாண். இன்னும் ஆழத்தில் துடிக்கும் தமனி, அதை ஒட்டி நடுக்கை நரம்பு. ஐந்தாறு விரல் அகலத்துக்குள் இருக்கிற இந்த நான்கையும் பழந்தமிழ் ஒரே சொல்லால் அழைத்திருக்கும். மேலே ஓடும் சிரைக்கும் கீழே உள்ள தமனி, நரம்புக்கும் நடுவே ஒரு தகடு விரிந்திருக்கிறது. மருத்துவம் அதை 'அப்போநியூரோசிஸ்' என்கிறது. உணர்ச்சி நரம்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நியூரான் என்றால் தசைநாண் என்றிருந்த காலத்தின் எச்சம் அந்தப் பெயர். ரத்தம் வடித்து நோய் தீர்த்த நாள்களில் கத்தி ஆழமாக இறங்கி தமனியை அறுத்துவிடாமல் காத்தது இந்தத் தகடுதான். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'கடவுள் புண்ணியம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ரப்பர் பட்டையின் வேலையும் இங்கேதான் விளங்கும். அளவாக இறுக்கினால் ஆழத்துத் தமனி வழியே ரத்தம் கைக்குள் வந்துகொண்டிருக்கும். மேலோட்டமான சிரை வழியே திரும்ப முடியாது. சிரை புடைக்கும். வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் பட்டை கட்டிய கை ஒன்றின் படம் உண்டு. புடைத்த சிரையில் விரலை வைத்து இழுத்து, உள்ளே இருக்கும் தடுக்கிதழ்கள் ரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்று அவர் காட்டினார். ரத்தம் சுற்றி வருகிறது என்ற பேருண்மைக்கு அவர் வைத்த சாட்சிகளில் ஒன்று, நம் பரிசோதனைக் கூடத்தில் தினமும் காலை நடக்கும் காட்சி.

பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது; கையைத் திரும்பத் திரும்ப இறுக்கி மூடவும் கூடாது. காரணம் செல்லின் சவ்வில் இருக்கிறது. செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கும். வெளியே பிளாஸ்மாவில் 3.5 முதல் 5 வரைதான். சவ்வில் பதிந்த பம்பு ஒன்று மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, ஓயாமல் இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கிறது. கை அழுந்த வேலை செய்தால் தசைச் செல்லிலிருந்து பொட்டாசியம் கசியும். குழாயைக் குலுக்கினால் சிவப்பணு உடைந்து கொட்டும். நல்ல மனிதருக்குக் கெட்ட அறிக்கை வரும். உணர்ச்சி நரம்பு செய்தி கடத்துவதும் இதே ஏற்றத்தாழ்வை வைத்துத்தான்: சோடியம் உள்ளே பாய, பொட்டாசியம் வெளியேற, அந்த அலை இழை நெடுக ஓடுகிறது. குழாயான நரம்பும் குழாயல்லாத நரம்பும் செல்லின் வாசலில் ஒரே கணக்கை எழுதுகின்றன.

அன்று அந்தப் பெண் மறுகைக்கு மாறினாள். கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலால் தேடினாள். அழுத்தி எடுத்தால் துள்ளி எழுவது எது, விறைத்து நிற்பது எது, துடிப்பது எது என்று அந்த விரல் பிரித்துக்கொண்டிருந்தது. கண்டதும் இடது கட்டை விரலால் கீழ்த்தோலை இழுத்துப் பிடித்தாள். இப்போது அது நழுவ முடியாது. "சுருக்குன்னு இருக்கும், பரவாயில்ல. ஆனா விரல் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இருந்தா உடனே சொல்லிடுங்கம்மா" என்றாள். பாடநூல் நரம்பு என்று சொல்வது அவளுக்கு அந்தக் கரண்ட். பெயர் தனியாக இல்லை. அதை விட்டு விலக வேண்டும் என்ற அறிவு கையில் இருந்தது.

ஊதா மூடிக் குழாய் நிறைந்தது. நாலைந்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி வைத்தாள். "மடக்காதீங்க, பஞ்சை அழுத்திப் பிடிங்க."

ஆட்டோவில் அம்மா பஞ்சை எடுத்துப் பார்த்தாள். சின்னப் புள்ளி, வீக்கம் இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு நரம்பு தெரிஞ்சிருக்கு" என்றாள்.