மூன்றும் ஆறும்: லேன் கேபிளுக்குள் ஒரு டெலிபோன் வரலாறு

லேன் கேபிளைக் கையால் ஒரு தடவையாவது கிரிம்ப் பண்ணியவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். எட்டு வயர், நாலு ஜோடி. 1-2 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. மிச்சமுள்ள ஜோடி மட்டும் 4-5ஐ நடுவில் விட்டு 3-லும் 6-லும் பிரிந்து உட்கார்ந்திருக்கும். 3-4, 5-6 என்று வரிசையாக வைத்தால் என்ன குறைந்துவிடும்? விடை தேட டெலிபோன் காலத்துக்குப் போகணும்.

ஆரம்பகால டெலிபோனுக்கு ஒற்றை வயர்தான்; திரும்பும் பாதையாக பூமி இருந்தது. பக்கத்து லைன்களின் இரைச்சலெல்லாம் காதில் விழும். 1881-ல் கிரகாம் பெல் இரண்டு வயர்களை முறுக்கி ஓட்டும் முறைக்கு காப்புரிமை வாங்கினார். முறுக்கினால் வெளி இரைச்சல் இரண்டு வயரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துபோகும். இன்றைய லேன் கேபிளும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது.

ஆனால் 1973-ல் ஜெராக்ஸ் பார்க்கில் மெட்காஃபும் பாக்ஸும் உருவாக்கிய ஈதர்நெட் ஓடியது கோஆக்சியல் கேபிளில். பிறகு தரப்படுத்தப்பட்ட 10 மெகாபிட் ஈதர்நெட்டுக்கும் விரல் தடிமன் கோஆக்ஸ்தான். வளைக்கச் சிரமம், விலையும் அதிகம். பின்னால் வந்த மெல்லிய கோஆக்ஸில் ஒரு இடத்தில் இணைப்பு விட்டால் அந்த வரிசையில் உள்ள எல்லாருக்கும் நெட்வொர்க் போச்சு.

அதே நேரத்தில் அமெரிக்க அலுவலகங்களில் ஒவ்வொரு மேஜைக்கும் முறுக்கு வயர் ஏற்கெனவே வந்திருந்தது, டெலிபோனுக்காக. எல்லா வயரும் மாடியில் ஒரு சின்ன அறையில் போய்ச் சேரும். இதில் நெட்வொர்க்கை ஓட்டினால் சுவரைத் தொடவே வேண்டாமே! 1980-களின் நடுவில் ஏடி அண்ட் டியின் ஸ்டார்லேன் இதில் 1 மெகாபிட் ஓட்டியது. பார்க்கிலிருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கிய சினாப்டிக்ஸ் 10 மெகாபிட்டைக் காட்டியது. 1990-ல் 10பேஸ்-டி தரநிலை வந்தது. டெலிபோன் தரத்து வயரில் 100 மீட்டர். அந்த "டி", முறுக்கு ஜோடியைக் குறிக்கும் எழுத்து.

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். டெலிபோன் பிளக்கில் முதல் லைன் எப்போதும் நடுவில் இருக்கும். இரண்டாவது லைன் அதற்கு வெளியே இருபுறமும். அந்தப் பிளக்கை எட்டு ஊசி சாக்கெட்டில் செருகினால் முதல் லைன் 4-5-ல் விழும், இரண்டாவது 3-6-ல். டெலிபோன் லைனில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட். மணி அடிக்கும்போது சுமார் 90 வோல்ட் ஏசி. 10பேஸ்-டி அந்த 4-5ஐத் தொடாமல் 1-2, 3-6 இரண்டையும் எடுத்துக்கொண்டது. 1991-ல் வந்த 568 வயரிங் தரநிலையும் இதே அடுக்கைத்தான் வைத்திருக்கிறது. ஆக, நாம் கிரிம்ப் பண்ணும் ஒவ்வொரு முனையிலும் டெலிபோனுக்கு ஒதுக்கிய நாற்காலி ஒன்று இருக்கிறது. 1999-ல் நாலு ஜோடியையும் கேட்கும் கிகாபிட் வந்த பிறகும் நாற்காலி இடம் மாறவில்லை.

இந்த வரலாறு வீட்டில் காசு மிச்சம் பண்ணும். நான் இருக்கும் அமெரிக்க வீடு 2000-களின் தொடக்கத்தில் கட்டியது. அறைக்கு ஒரு டெலிபோன் சாக்கெட், யாரும் தொடுவதே இல்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே நாலு ஜோடி கேபிள், உறையில் "கேட் 5இ" என்று அச்சு! டெலிபோனுக்கு ஒரு ஜோடிதான் போட்டிருந்தார்கள். மற்ற மூன்றும் சுருட்டிக் கிடந்தன. சாக்கெட்டை மாற்றி எட்டு வயரையும் பஞ்ச் பண்ணியதும் கிகாபிட் வந்துவிட்டது.

இரண்டு விஷயம் பார்க்கணும். டெலிபோன் வயரை அறைக்கு அறை தொடராகப் போடலாம், ஈதர்நெட்டுக்கு முனைக்கு முனை தனி வயர் வேணும். தொடராக இருந்தால் வழியில் உள்ள சாக்கெட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைக்கணும். அடுத்து, வெளியிலிருந்து வரும் டெலிபோன் லைனை முதலில் பிரித்துவிடணும். அந்த 90 வோல்ட் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

2016-ல் வந்த தரநிலை இதே கேட் 5இ கேபிளில் 2.5 கிகாபிட் ஓட்டுகிறது. சுவரில் கிடக்கும் வயருக்கு ஏற்றபடி நெட்வொர்க்கை வளைப்பது ஸ்டார்லேன் காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. அதனால் சுவரில் துளை போட ஆள் கூப்பிடும் முன், பழைய டெலிபோன் சாக்கெட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள்.