வானொலிக் கட்டுப்பாட்டுப் பயிற்சி வானூர்தி

வானொலிக் கட்டுப்பாட்டுப் பயிற்சி வானூர்தி என்பது, தரையில் நின்றபடி அலைபரப்பி ஒன்றின் மூலம் மாதிரி வானூர்தியை இயக்கக் கற்றுக்கொள்வோருக்கென வடிவமைக்கப்பட்ட சிறிய வானூர்தி ஆகும். பொழுதுபோக்காளர்களிடையே இது டிரெய்னர் என அறியப்படுகிறது. மெதுவாகப் பறத்தல், சாய்ந்தாலும் தானாக நிமிர்தல், விழுந்தாலும் எளிதில் திருத்தக்கூடியதாக இருத்தல் ஆகியவை இதன் முதன்மையான இயல்புகள். சிறுவர்களுக்கு வாங்கப்படும் முதல் வானூர்தி இவ்வகையைச் சேர்ந்ததாக இல்லாவிடின், முதல் நாளிலேயே அது உடைந்துபோகும் வாய்ப்பு அதிகம். எனவே முதல் வானூர்தியின் தேர்வு, ஒரு சிறுவர் இப்பொழுதுபோக்கில் நிலைப்பாரா அல்லது கைவிடுவாரா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூவைச் சேர்ந்த இரட்டையர்களான வால்டர் குட், வில்லியம் குட் ஆகியோர் 1937 ஆம் ஆண்டில் வானொலியால் கட்டுப்படுத்தப்பட்ட மாதிரி வானூர்தியை வெற்றிகரமாகப் பறக்கவிட்ட முன்னோடிகள் ஆவர். கஃப் எனப் பெயரிடப்பட்ட அவர்களது வானூர்தி பின்னர் சிமித்சோனிய தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது.

தொடக்ககாலக் கருவிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டளையை மட்டுமே அனுப்ப முடிந்தது. சுக்கானை முழுமையாக ஒரு பக்கம் திருப்பலாம் அல்லது நடுவில் விடலாம். இடைப்பட்ட நிலை இல்லை. குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே சுக்கானும் நகரும் விகிதமுறைக் கட்டுப்பாடு 1960களில் பரவியது.

2000களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் 72 மெகாஏர்ட்சு, பிரித்தானியாவில் 35 மெகாஏர்ட்சு அலைவரிசைகள் பரவலாகப் பயன்பட்டன. ஒரே களத்தில் இருவர் ஒரே அலைத்தடத்தில் அலைபரப்பியை இயக்கினால் வானூர்தி கட்டுப்பாட்டை இழந்து விழுந்துவிடும். பின்னர் வந்த 2.4 கிகாஏர்ட்சு கருவிகளில் ஒவ்வொரு வாங்கியும் தனக்குரிய அலைபரப்பியின் குறியீட்டை மட்டும் ஏற்பதால் இச்சிக்கல் பெருமளவு நீங்கியது. பழைய அலைவரிசைக் கருவிகளை இரண்டாம் கையாக வாங்குவது மலிவாகத் தோன்றினாலும், தொடக்கநிலையினருக்கு அது ஏற்றதன்று.

வடிவமைப்பு

இறக்கையின் அமைவிடம்

பயிற்சி வானூர்திகளில் இறக்கை உடற்பகுதிக்கு மேலே பொருத்தப்படுகிறது. எடை இறக்கைக்குக் கீழே அமைவதால் வானூர்தி அமைதியாகப் பறக்கிறது. மேலும், இரு இறக்கைகளும் நுனியை நோக்கிச் சற்று மேலெழும்பி, முன்னிருந்து பார்க்கும்போது விரிந்த V வடிவில் காணப்படும். ஒரு பக்கம் சாயும்போது வானூர்தி அப்பக்கமாகச் சறுக்குகிறது. அப்போது தாழ்ந்த இறக்கை காற்றைக் கூடிய கோணத்தில் சந்தித்து அதிக ஏற்றவிசையைப் பெறுகிறது, வானூர்தி நிமிர்கிறது. குழப்பமடைந்த சிறுவர் குச்சிகளை விட்டுவிட்டாலும் வானூர்தி பெரும்பாலும் தன்னைத் தானே சரிசெய்துகொள்வது இதனாலேயே ஆகும். இவ்வாறு நிமிர்வதற்குப் போதிய உயரம் தேவை.

எடையும் இறக்கைப் பரப்பும்

வானூர்தியின் எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது இறக்கைச் சுமை ஆகும். ஏற்றவிசை குலைந்து வானூர்தி விழத் தொடங்கும் வேகம் இச்சுமையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது.

எடுத்துக்காட்டாக, 120 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட இறக்கையின் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். வானூர்தியின் எடை 800 கிராம் எனில், இறக்கைச் சுமை ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஏறத்தாழ 33 கிராம். இத்தகைய வானூர்தி மணிக்கு ஏறத்தாழ 24 கி.மீ. வேகத்திற்குக் கீழே சென்றால் ஏற்றவிசையை இழக்கும். அதே இறக்கையுடன் எடை 1600 கிராம் ஆனால் அவ்வேகம் ஏறத்தாழ 34 கி.மீ. ஆக உயர்கிறது. தரையிறங்கும்போது மோதல் ஆற்றல் எடையுடனும் வேகத்தின் வர்க்கத்துடனும் கூடுவதால், இரண்டாவது வானூர்தி நான்கு மடங்கு ஆற்றலுடன் தரையைத் தொடுகிறது. சிந்திக்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது.

அளவு

மிகச் சிறிய வானூர்தியே சிறுவருக்கு எளிது என்ற கருத்து பரவலாக இருப்பினும், அது முழுமையாகச் சரியன்று. ஏறத்தாழ 50 செ.மீ. இறக்கை நீளமும் 40 கிராம் எடையும் கொண்ட வானூர்திகள் விழுந்தாலும் எளிதில் உடைவதில்லை. எவரையும் காயப்படுத்தும் வாய்ப்பும் குறைவு. ஆனால் மெல்லிய காற்றே அவற்றை அடித்துச் சென்றுவிடும். சற்றுத் தொலைவு சென்றதும் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் தெரியாது. 120 முதல் 150 செ.மீ. வரை இறக்கை நீளம் உள்ளவை நன்கு தெரிகின்றன, காற்றையும் தாங்குகின்றன. உள்ளரங்கோ காற்றில்லாச் சிறு திடலோ மட்டும் கிடைப்பவருக்குச் சிறியதும், திறந்த வெளி கிடைப்பவருக்குப் பெரியதும் பொருந்தும்.

கட்டுமானப் பொருள்

முற்காலப் பயிற்சி வானூர்திகள் பால்சா மரத்தால் செய்யப்பட்டன. அவற்றைக் கட்டி முடிக்கப் பல வாரங்கள் ஆகும். ஒரு நொடியில் உடைந்துவிடும். இன்று நெகிழ்வுத்தன்மை கொண்ட நுரைப்பொருள்கள் பரவலாகப் பயன்படுகின்றன. முறிந்த நுரைப்பகுதியைத் தகுந்த பசையால் ஒட்டி அன்றே மீண்டும் பறக்கவிட முடியும். எனினும், மரத்தால் கட்டுவதில் ஆர்வமுள்ள சிறுவர்களுக்கு அதுவும் சிறந்த கல்வியாகும். முதலில் நுரை வானூர்தியில் பறக்கக் கற்று, பின்னர் மர வானூர்தியைக் கட்டுவது உழைப்பு வீணாவதைத் தவிர்க்கும்.

சுழலியின் இடம்

மூக்கில் சுழலி உள்ள வானூர்தி விழும்போது சுழலியும் மின்னோடியின் தண்டும் முதலில் அடிபடுகின்றன. செருமனியின் மல்டிபிளெக்சு நிறுவனத்தின் ஈசிசுடார் போன்ற வானூர்திகளில் சுழலி இறக்கைக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்ததால், மூக்கு மோதினாலும் சுழலி தப்பியது. கையால் எறிந்து ஏவப்படும் இவ்வகையில், எறிபவரின் கைக்குப் பின்னாலேயே சுழலி சுழல்வதால், கை வானூர்தியை விட்டு விலகிய பிறகே மின்னோடியின் திறனைக் கூட்ட வேண்டும்.

கட்டுப்பாட்டுத் தடங்கள்

ஒரு அலைபரப்பி தனித்தனியாக இயக்கக்கூடிய கட்டுப்பாடுகளின் எண்ணிக்கையைத் தடங்கள் என்பர்.

இருதட வானூர்தி: பெரும்பாலும் விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைப்பது. உயர்த்தி இல்லை. இரு மின்னோடிகளின் வேகத்தை மாற்றித் திரும்புகிறது. இதில் மூக்கை உயர்த்தவோ தாழ்த்தவோ நேரடி வழி இல்லாததால், பறக்கவிடும் கலையை முறையாகக் கற்க முடிவதில்லை.

மூன்றுதட வானூர்தி: மின்னோடி வேகம், எலிவேட்டர் எனப்படும் உயர்த்தி, ரடர் எனப்படும் வால் சுக்கான் ஆகியவை கட்டுப்படுத்தப்படுகின்றன. சுக்கான் திரும்பும்போது இறக்கையின் மேல்நோக்கிய சாய்வினால் வானூர்தி தானாகச் சாய்ந்து வளைகிறது. முதல் வானூர்திக்கு மிகவும் பொருத்தமானது.

நான்குதட வானூர்தி: மேற்கண்டவற்றுடன், இறக்கையின் பின்விளிம்பில் எலிரான் எனப்படும் சாய்ப்பிகளும் உண்டு. உடன் நின்று கற்பிப்பவர் இருப்பின், அல்லது நிலைப்படுத்தும் கருவி பொருத்தப்பட்டிருப்பின், இதிலேயே தொடங்கலாம்.

நிலைப்படுத்தும் கருவி சுழல் உணரிகள் மூலம் சாய்வை அறிந்து வானூர்தியைத் தானாகச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது. 150 செ.மீ. இறக்கை நீளம் கொண்ட அப்ரெண்டிசு என்னும் நான்குதட வானூர்தியின் பிற்காலப் பதிப்புகளில் இக்கருவி இடம்பெற்றது. எப்போதும் கருவியையே நம்பிப் பறப்பவர் அது இல்லாத வானூர்தியில் தடுமாறுவர். எனவே திறமை வளர வளர அதன் உதவியைக் குறைப்பது நல்லது.

அலைபரப்பியின் அமைப்பு முறை

குச்சிகளுக்குக் கட்டுப்பாடுகள் ஒதுக்கப்படும் விதம் முறை எனப்படுகிறது. முறை 2-இல் இடக்குச்சி மின்னோடி வேகத்தையும் சுக்கானையும், வலக்குச்சி உயர்த்தியையும் சாய்ப்பிகளையும் இயக்குகின்றன. முறை 1-இல் உயர்த்தி இடக்குச்சிக்கும் மின்னோடி வேகம் வலக்குச்சிக்கும் மாறுகின்றன. ஒன்றில் பழகிய விரல்கள் மற்றொன்றுக்கு எளிதில் மாறுவதில்லை. ஆகவே, கற்பிப்பவர் பயன்படுத்தும் முறையிலேயே சிறுவரின் அலைபரப்பியையும் வாங்க வேண்டும். இரு அலைபரப்பிகளை இணைக்கும் வசதி இருப்பின், ஆபத்தான நேரத்தில் கற்பிப்பவர் ஒரு விசையை விடுவித்துக் கட்டுப்பாட்டை உடனே தம்மிடம் எடுத்துக்கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டிய தெரிவுகள்

சிறுவர்கள் பெரும்பாலும் விரும்பிக் கேட்பவை இசுப்பிட்ஃபயர், மசுடாங்கு போன்ற போர் வானூர்திகளின் மாதிரிகளும் தாரை வானூர்திகளின் மாதிரிகளும் ஆகும். இவற்றின் இறக்கைச் சுமை அதிகம், வேகம் அதிகம், தானாக நிமிரும் இயல்பு குறைவு. வேகம் குறைந்தால் ஒரு பக்க இறக்கை திடீரெனக் கீழே விழக்கூடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உண்மையான இசுப்பிட்ஃபயரை ஓட்டிய பிரித்தானிய வானோடிகள் பலரும் முதலில் டைகர் மோத் என்னும் மெதுவான இரட்டை இறக்கைப் பயிற்சி வானூர்தியிலேயே கற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. விரும்பிய போர் வானூர்தியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம் என எடுத்துரைப்பது, மறுப்பதைவிடப் பயன்தரும்.

தொகுப்பாக வாங்குதல்

வானூர்தி, அலைபரப்பி, மின்கலம், மின்னேற்றி அனைத்தும் அடங்கிய தொகுப்புகள் ஆர்டிஎஃப் எனக் குறிக்கப்படுகின்றன. முதன்முறை வாங்குவோருக்கு இவையே எளிதானவை. அலைபரப்பி இல்லாத தொகுப்புகளை வாங்கும்போது பொருத்தமான அலைபரப்பியைத் தனியாகத் தேட வேண்டும். எத்தொகுப்பாயினும் மாற்றுச் சுழலி, இறக்கை, வால் ஆகியவை தனித்தனியாகக் கிடைக்கின்றனவா என்பதை வாங்கும் முன்பே அறிய வேண்டும். மாற்று உறுப்பு கிடைக்காத மலிவான வானூர்தி ஒரே விபத்துடன் முடிந்துவிடும். கூடுதலாக இரண்டு சுழலிகளையும் ஒரு மின்கலத்தையும் தொடக்கத்திலேயே வாங்கிவைப்பது வழக்கம்.

மின்கலமும் பாதுகாப்பும்

பெரும்பாலான வானூர்திகளில் இலித்தியம் பல்பகுதிய மின்கலம் பயன்படுகிறது. இதன் ஒவ்வொரு கலமும் 3.7 வோல்ட்டு பெயரளவு மின்னழுத்தம் கொண்டது; முழுமையாக மின்னேற்றும்போது 4.2 வோல்ட்டை அடைகிறது. 3.0 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். 2200 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள மின்கலத்தில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்தினால், சராசரியாக 10 ஆம்பியர் மின்னோட்டத்தில் ஏறத்தாழ பத்தரை நிமிடங்கள் பறக்கலாம்.

இம்மின்கலம் தவறாகக் கையாளப்பட்டால் தீப்பற்றக்கூடியது. இதற்கென உரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். மின்னேற்றும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். தீப்பற்றும் பொருள்கள் அருகில் இருக்கக்கூடாது. உப்பிய அல்லது நசுங்கிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தக்கூடாது.

மின்னோடியுடன் இணைந்த சுழலி விரல்களை ஆழமாக வெட்டக்கூடியது. எனவே அலைபரப்பியை முதலில் இயக்கி, வேகக் குச்சி கீழே இருப்பதை உறுதிசெய்த பின்னரே வானூர்தியில் மின்கலத்தை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது மின்கலத்தை முதலில் நீக்க வேண்டும். வீட்டினுள் சோதிக்கும்போது சுழலியைக் கழற்றிவிடுவது பாதுகாப்பானது. மின்கலம் இணைக்கப்பட்ட வானூர்தியின் சுழலிக்கு முன்னால் முகத்தையோ கையையோ கொண்டுசெல்லக்கூடாது என்பதைப் பின்பற்ற இயலும் சிறுவரே தொடங்குவதற்கு ஏற்றவர்.

முதற் பறப்பு

ஈர்ப்பு மையம் உற்பத்தியாளர் குறித்த இடத்தில் உள்ளதா என முதலில் பார்க்க வேண்டும். இது பொதுவாக இறக்கையின் முன்விளிம்பில் இருந்து இறக்கை அகலத்தின் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அமையும். 20 செ.மீ. அகல இறக்கையில் இது 5 முதல் ஏறத்தாழ 6.7 செ.மீ. வரை ஆகும். வால் கனத்த வானூர்தியைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். அடுத்து, குச்சியை வலப்பக்கம் நகர்த்தும்போது சுக்கானும் வலப்பக்கம் திரும்புகிறதா எனச் சோதிக்க வேண்டும்.

காற்று குறைந்த அதிகாலை வேளையும், மரங்களோ மின்கம்பிகளோ இல்லாத பரந்த புல்வெளியும் சிறந்தவை. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் வானூர்தி 100 மீட்டர் திடலைப் பத்து வினாடிகளில் கடந்துவிடும் என்பதிலிருந்து இடத்தின் தேவை விளங்கும். காற்றை எதிர்த்தே ஏவ வேண்டும். காற்றை எதிர்த்தே இறக்க வேண்டும்.

தொடக்கநிலையினரின் பெரும்பாலான விபத்துகள், வானூர்தி இயக்குபவரை நோக்கி வரும்போது நிகழ்கின்றன. அப்போது வானூர்தியின் வலப்பக்கம் இயக்குபவருக்கு இடப்பக்கமாகத் தெரிவதால் கை தவறான பக்கம் செல்கிறது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: தாழ்ந்த இறக்கை எப்பக்கம் தெரிகிறதோ, அப்பக்கமே குச்சியை நகர்த்தினால் வானூர்தி நிமிரும். கணினியில் இயங்கும் பறப்புப் பாவிப்பி மூலம் இதைச் செலவின்றிப் பலமுறை பழகிக்கொள்ளலாம். விபத்து தவிர்க்க முடியாததாகத் தோன்றினால் முதலில் மின்னோடியை நிறுத்த வேண்டும். சுழலாத சுழலியும் நின்ற மின்னோடியும் சேதத்தைப் பெரிதும் குறைக்கின்றன.

சட்ட விதிகள்

ஐக்கிய அமெரிக்காவில் 250 கிராமுக்கு மேற்பட்ட மாதிரி வானூர்திகளைப் பறக்கவிடுபவர் கூட்டாட்சி வான்பயண நிருவாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். 13 வயதுக்குட்பட்டவர் எனில், அவ்வயதைக் கடந்த ஒருவர் பதிவு செய்ய வேண்டும். 2021 ஆம் ஆண்டு முதல் பொழுதுபோக்காகப் பறக்கவிடுவோருக்கு இணையவழிப் பாதுகாப்புத் தேர்வும் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடற்ற வான்வெளியில் உயர வரம்பு 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் ஆகும். வானூர்தி எப்போதும் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும்.

இந்தியாவில் 2021 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆளில்லா வானூர்தி விதிகள், வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று வலயங்களாகப் பிரிக்கின்றன. சிவப்பு வலயத்தில் நடுவண் அரசின் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. 250 கிராமுக்கு மேற்படாதவை நானோ வகையாகக் கொள்ளப்படுகின்றன. எந்நாட்டிலாயினும் அங்குள்ள மாதிரி வானூர்திக் கழகத்தை வாங்கும் முன்னரே அணுகுவது, களம், கற்பிப்பவர், விதிகள் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற உதவும்.

இவற்றையும் பார்க்க

வானூர்தி
மாதிரி வானூர்தி
ஏற்றவிசை
இலித்தியம் பல்பகுதிய மின்கலம்