தொலைபேசி சர்வர்களில் மென்பொருளை மாற்றுவது எப்படி? வீட்டில் இருப்பவர்கள் அறிய வேண்டியவை



நம் குடும்பங்களில் ஒருவர் ஊரிலும், ஒருவர் துபாயிலும், இன்னொருவர் மலேசியாவிலும் இருப்பது சாதாரணம். இவர்களை இணைத்து வைத்திருப்பது தொலைபேசிதான். அதற்குப் பின்னால் இரவும் பகலும் ஓடும் சர்வர்களின் மென்பொருளை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். பேச்சு அறுந்துவிடாமல் அதை எப்படி மாற்றுகிறார்கள், எங்கே தவறுகிறார்கள், தவறும்போது நாம் எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று இங்கே பார்ப்போம். இத்துறையில் படிக்கும், பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

ஏன் மாற்ற வேண்டும்?

"நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும்?" என்று கேட்கலாம். பழைய மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வேண்டும். அதனுள் இருக்கும் டிஜிட்டல் சான்றிதழ்களுக்கும் காலாவதித் தேதி உண்டு. 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானது. பிரிட்டனில் ஓ2, ஜப்பானில் சாஃப்ட்பேங்க் ஆகிய இரு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் ஒரே நாளில் சேவையை இழந்தார்கள். ஆக, மாற்றாமல் விடுவதிலும் ஆபத்து இருக்கிறது.

கிளஸ்டர் என்றால் என்ன?

ஒரே சர்வரை நம்பித் தொலைபேசி சேவையை நடத்த முடியாது. பல சர்வர்களை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும்படி அமைக்கிறார்கள். இந்தக் கூட்டமைப்புக்குப் பெயர் கிளஸ்டர்.

மருத்துவமனைகள், ஹோட்டல்கள், பெரிய அலுவலகங்களில் பரவலாக இருக்கும் சிஸ்கோ யூனிஃபைட் கம்யூனிகேஷன்ஸ் மேனேஜரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சர்வர் 'பப்ளிஷர்'. எந்த எண் யாருக்கு, எந்தக் கருவி எங்கே என்ற தரவுத்தளத்தின் மூலப் பிரதி அதில்தான் இருக்கும். மற்றவை 'சப்ஸ்கிரைபர்'கள். மூலத்தின் நகலை வைத்துக்கொண்டு அழைப்புகளைக் கையாளும் வேலை அவற்றுடையது. ஒவ்வொரு தொலைபேசிக் கருவியிடமும் எந்த சர்வரை முதலில் அணுகுவது, அது கிடைக்காவிட்டால் அடுத்தது எது என்ற வரிசைப் பட்டியல் இருக்கிறது. முதல் சர்வர் நின்றால் கருவி தானாகவே அடுத்ததில் போய்ப் பதிவு செய்துகொள்ளும். மென்பொருள் மாற்றும் வேலை இந்த ஏற்பாட்டை நம்பித்தான் நடக்கிறது.

தொடங்கும் முன்

முதல் வேலை, முழு காப்புப் பிரதி. அதைக் கிளஸ்டருக்கு வெளியே வேறொரு கணினியில் வைக்க வேண்டும். இரண்டாவது, எல்லா சர்வர்களின் தரவுத்தளமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போகாத நிலையில் தொடங்கினால் பழுது பெருகும். மூன்றாவது, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பின் சரிபார்ப்புக் குறியீட்டை ஒப்பிடுவது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தக் கோப்பைப் பயன்படுத்தக் கூடாது. நான்காவது, வேலை தொடங்கி முடியும்வரை புதிய எண் சேர்ப்பது, அமைப்புகளை மாற்றுவது போன்றவற்றை நிறுத்திவைப்பது. இடையில் செய்த மாற்றங்கள் புதிய பதிப்புக்கு வராமல் தொலைந்துபோகலாம்.

அழைப்புகள் குறைவாக இருக்கும் பின்னிரவு நேரமே இதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

நிர்வாகத் திரையில் நடப்பது

பொறியாளர் உலாவியில் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, மென்பொருள் மேம்படுத்தும் பகுதிக்குப் போகிறார். கோப்பு இருக்கும் இடத்தைக் கொடுத்து, பதிப்பைத் தேர்ந்தெடுத்து, நிறுவலைத் தொடங்குகிறார். ஒவ்வொரு சர்வரின் வட்டிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றில் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும். புதியது ஓய்வில் இருக்கும் மற்றொரு பகுதியில் போய் உட்காரும். அதனால் பல மேம்படுத்தல்களில், நிறுவல் நடக்கும்போதே அழைப்புகள் வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும்.

நிறுவிய உடனே தானாக மாறும்படியும் சொல்லலாம், பின்னர் நாமே மாற்றும்படியும் வைக்கலாம். அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பார்கள். எல்லா சர்வர்களிலும் நிறுவல் பிழையின்றி முடிந்ததைப் பதிவேட்டில் பார்த்த பிறகே பதிப்பை மாற்றும் கட்டளை கொடுக்கப்படுகிறது. முதலில் பப்ளிஷர் மறுதொடக்கம் ஆகும். அது முழுமையாக எழுந்த பிறகு சப்ஸ்கிரைபர்களைப் பகுதி பகுதியாக மாற்ற வேண்டும். துணை சர்வர்கள் முதலில், முதன்மை சர்வர்கள் கடைசியில். ஒரு பகுதி விழுந்து எழும்போது கருவிகள் மற்ற பகுதியில் இருக்கும்.

கடைசியில் தரவுத்தளம் மறுபடி ஒத்துப்போகிறதா, எத்தனை கருவிகள் பதிவாகியுள்ளன என்று முன்பு குறித்துவைத்த எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். பிறகு உள்ளூர், வெளியூர், வெளிநாடு, அவசர எண் என ஒவ்வொரு வகை அழைப்பையும் சோதிக்க வேண்டும். அவசர எண்ணைச் சோதிக்கும்போது அந்த மையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட வேண்டும்.

ஏதாவது சரியில்லையென்றால் பழைய பதிப்பு இன்னும் வட்டின் மறுபகுதியில் இருக்கிறது. மீண்டும் பப்ளிஷரில் தொடங்கி அதற்கே திரும்பலாம். எத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் திரும்ப வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

தவறியபோது நடந்தவை

1990 ஜனவரி 15. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம், தொலைதூர அழைப்புகளைக் கையாளும் தன் 114 நிலையங்களிலும் ஒரு மாதம் முன்பு ஒரே புதிய மென்பொருளை ஏற்றியிருந்தது. அதில் ஒரு நிரல்வரி தவறான இடத்தில் இருந்தது. நியூயார்க்கில் ஒரு நிலையம் சிறு கோளாறால் நின்று மீண்டது. "நான் வந்துவிட்டேன்" என்று அது அனுப்பிய செய்திகளே மற்ற நிலையங்களை விழவைத்தன. அவை மீண்டபோது இன்னும் சில நிலையங்களை விழவைத்தன. ஒன்பது மணி நேரம் நாடு தவித்தது. ஒன்றுக்கொன்று துணையாக இருந்த எல்லா நிலையங்களிலும் அதே பிழை இருந்ததால் துணை பயன்படவில்லை. அதனால்தான் இன்று புதிய பதிப்பை முதலில் ஓரிரு இடங்களில் மட்டும் ஏற்றி, சில நாட்கள் பார்த்துவிட்டு விரிவாக்குகிறார்கள்.

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. ஹாஜிகள் அரஃபாவில் நின்ற நாள், மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். அன்று விடியற்காலையில் கனடாவின் ராஜர்ஸ் நிறுவனம், ஏழு கட்ட மேம்படுத்தலின் ஆறாவது கட்டத்தில் ஒரு வடிகட்டி அமைப்பை நீக்கியது. மைய வலையமைப்பு தகவல் வெள்ளத்தில் மூழ்கியது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் சுமார் 26 மணி நேரம் பாதிக்கப்பட்டார்கள். டெபிட் அட்டைப் பணப்பரிமாற்றமும் பல இடங்களில் நின்றது. பெருநாளுக்கு முந்தைய நாள் அங்குள்ள குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முந்தைய கட்டங்கள் நன்றாக முடிந்ததால், 'அதிக ஆபத்து' என்று முதலில் குறித்திருந்த வேலை ஆறாவது கட்டத்தில் 'குறைந்த ஆபத்து' என்று தரம் இறக்கப்பட்டிருந்தது. மேலும், பழுதுபார்க்க உள்ளே நுழையும் வழியும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்தது. வலையமைப்பு விழுந்தபோது நிர்வாகத் திரையும் சேர்ந்தே போய்விட்டது.

2025 செப்டம்பர் 18. ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் நிறுவனம் பாதுகாப்புச் சுவர் ஒன்றை மேம்படுத்தியபோது சாதாரண அழைப்புகள் ஓடின. மூன்று பூஜ்ஜியம் என்ற அவசர எண் மட்டும் பல பகுதிகளில் கிடைக்கவில்லை. பல மணி நேரம் நிறுவனத்துக்கே அது தெரியவில்லை. நூற்றுக்கணக்கான அவசர அழைப்புகள் சேரவில்லை. உயிரிழப்புகளும் இதனுடன் இணைத்து விசாரிக்கப்பட்டன. சோதனைப் பட்டியலில் அவசர எண்ணை ஏன் தனியாக வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது

எத்தனை கவனமாகச் செய்தாலும் சேவை என்றாவது ஒருநாள் நிற்கும். எனவே:

வீட்டில் எல்லாருடைய சிம்மும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டாம். ஒருவருடையதாவது வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். கைபேசியும் வீட்டு இணையமும் ஒரே நிறுவனத்துடையது என்றால் இரண்டும் ஒன்றாகப் போகலாம். உம்மா, வாப்பா தனியாக இருக்கும் வீடுகளில் இது மிக முக்கியம்.

மருத்துவர், பக்கத்து வீடு, ஜமாஅத் அலுவலகம், ஆம்புலன்ஸ் எண்களைத் தாளில் எழுதி சுவரில் ஒட்டுங்கள். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸ் 108, பொது அவசர எண் 112. இலங்கையில் ஆம்புலன்ஸ் 1990. அழைப்பு போகாவிட்டால் வேறு நிறுவனத்தின் சிம் உள்ள பக்கத்து வீட்டுக் கைபேசியிலிருந்து உடனே முயலுங்கள்.

கொஞ்சம் ரொக்கம் வீட்டில் இருக்கட்டும். நிறுவனம் பராமரிப்பு பற்றிக் குறுஞ்செய்தி அனுப்பினால், வெளிநாட்டில் இருப்பவரிடம் "இன்று இரவு கிடைக்காமல் போகலாம், பதற வேண்டாம்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டு ரவுட்டரில் மென்பொருள் மாறிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை அணைக்காதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி நமக்குக் கற்றுத்தரப்பட்டுள்ளது. காப்புப் பிரதி எடுக்கும் பொறியாளருக்கும், இரண்டாவது சிம் வைக்கும் வீட்டாருக்கும் அது பொருந்தும். இத்துறையில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் நாம் சொல்ல விரும்புவதும் இதுதான்: உங்கள் திரையில் தெரியும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஐந்து முறை சரியாக முடிந்த வேலையையும் ஆறாவது முறை முதல் முறைபோலவே சரிபாருங்கள்.