தன்வரலாறும் இயற்கையும்: ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஒரு பார்வை

தன்வரலாறு என்றால் ஒருவர் தம் பெருமையைத் தாமே எழுதிவைப்பது என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஆறும் மரமும் பறவையும் அதற்குள் வந்து உட்காரும் என்று எனக்குக் காட்டியது எங்கள் ஊர்ப் பக்கத்து ரங்கனதிட்டு.

17ஆம் நூற்றாண்டில் கண்டீரவ நரசராஜ உடையார் காவேரியின் குறுக்கே கட்டிய அணையால் உண்டான திட்டுகள் இவை. சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் இங்கே கூடு கட்டுகின்றன. பறவையியல் அறிஞர் சாலிம் அலி மைசூர் அரசிடம் எடுத்துச் சொல்ல, 1940இல் இது சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

சாலிம் அலியின் தன்வரலாறு 1985இல் வெளிவந்தது. சிறுவயதில் ஒரு குருவியைச் சுட்டதையும், அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருக்கக் கண்டு, அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நூலின் பெயரே குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும். கொல்லாமை நெறியில் பிறந்த தமிழ்ச் சமணனாகிய எனக்கு முதலில் நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. பிறகு யோசித்தேன்: சுட்டவர் அதை ஒப்புக்கொண்டு ஆயிரமாயிரம் பறவைகளுக்கு இடம் தேடிக் கொடுத்தார். சுடாத நாம் என்ன செய்தோம்?

அதே 1940இல்தான் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. சிந்தாமணிக்காகக் கும்பகோணத்துச் சமணர் வீடு தேடிப் போய்ச் சமண நூற்பொருளைக் கேட்டறிந்த அதே ஐயர்தான். நூலைத் தம் பெருமையிலிருந்து தொடங்காமல், தம் ஊராகிய உத்தமதானபுரத்திலிருந்து தொடங்குகிறார். ஊர் அன்று இருந்த இருப்பைப் பின்னாளோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்.

அமெரிக்காவில் தோரோ 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் குடிலில் வாழ்ந்து, அதை 1854இல் நூலாக்கினார். குறைந்த தேவையோடு வாழ முடியுமா என்று பார்த்தார். நம் பெரியவர்கள் இதைத்தான் 'பொருள் வரைதல்' என்றார்கள்.

மூவரும் மூன்று தேசம், மூன்று சமயம் போல. ஆனால் தம்மை மறைக்காமல் எழுதியதால் தாம் வாழ்ந்த மண்ணையும் சேர்த்தே பதிந்துவைத்தார்கள்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பல வருஷம் என் கடையில் பூஜை சாமானைப் பிளாஸ்டிக் பையில்தான் போட்டுக் கொடுத்தேன். ஒருநாள் காலை சங்கமத்தில் குளிக்கப் போனபோது, என் கடைப் பெயர் அச்சடித்த பை ஒன்று காலில் வந்து சுற்றிக்கொண்டது. அன்றோடு நிறுத்தினேன். இதை இதுவரை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

ஊரை விட்டு வந்த நமக்கு நிலபுலன் போயிற்று, நினைவு மிச்சமிருக்கிறது. உங்கள் ஊர் ஏரி, கிணறு, களத்துமேட்டு மரம் பற்றி, செய்த தவறையும் சேர்த்து, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதுவே சரித்திரம்.