குளத்துக்கு யார் காசு கொடுக்கிறாங்க?

போன முறை ஊருக்குப் போனப்போ, சென்னையில கூட வேலை பார்க்கிற நண்பனையும் கூட்டிட்டுப் போனேன். சுசீந்திரம் குளத்துக்கரையில பைக்கை நிறுத்தினோம். கூழைக்கடா ரெண்டு மிதந்துட்டு இருந்துச்சு. "இது இயற்கையான ஏரியா?"ன்னு கேட்டான். இல்ல, மனுஷன் வெட்டின குளம்னு சொன்னேன். "அப்போ இதை மெயின்டெயின் பண்ண யாருடா காசு கொடுக்கிறா?"ன்னான். என்கிட்ட பதில் இல்ல. இந்த எபிசோட் அதுக்கான தேடல்.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 94.23 ஹெக்டேர். 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே பசுங்குளம், பெருங்குளம்னு இந்தப் பக்கத்துக் குளங்களோட பேர் வருது. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கு, அதுல 53 வலசை வர்றவை. 2022ல இதுக்கும், 19.75 ஹெக்டேர் வேம்பனூருக்கும் ராம்சர் அந்தஸ்து கிடைச்சது.

அந்தக் காலத்துல பணம் எப்படி வந்துச்சு? சோழர், பாண்டியர் கல்வெட்டுகள்ல 'ஏரிப்பட்டி'ன்னு ஒரு சொல் உண்டு. கொஞ்சம் நிலத்தை ஒதுக்கி, அதுல வர்ற விளைச்சலை ஏரியைப் பராமரிக்கவே எழுதி வைக்கிறது. உத்திரமேரூர்ல 10ஆம் நூற்றாண்டுலேயே ஏரி வாரியம்னு தனிக் குழு இருந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணுதான்: அந்தக் கொடைக்கு முடிவுத் தேதி கிடையாது. வயல் விளையுற வரைக்கும் தூர்வார நெல் வரும்.

உடனே 'முன்னோர்கள் கில்லாடிகள்'னு ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. சபையில உட்கார்ந்து முடிவெடுத்தவங்க வேற, மண்ணைச் சுமந்தவங்க வேற. திருவிதாங்கூர்ல ஊழியம்ங்கிற பேர்ல கூலியில்லாமல் வேலை வாங்கின வரலாறும் இருக்கு. அந்த அமைப்பு அப்படியே திரும்ப வரணும்னு நான் சொல்லல.

பிறகு பொறுப்பு அரசாங்கத்துக்குப் போச்சு. 1906ல திருவிதாங்கூர் அரசு பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடிச்சது. மலையில விழுற மழை, அணை, கால்வாய், குளம், வயல்னு ஒரே சங்கிலி. கன்னிப்பூ, கும்பப்பூ ரெண்டு போகமும் அதை நம்பித்தான். 1956ல நாங்க தமிழ்நாட்டோட சேர்ந்தப்போ சங்கிலியும் கூடவே வந்துச்சு. ஆனா இன்னைக்கு காடு ஒரு துறை, கால்வாய் இன்னொரு துறை. மலையடிவாரத்துல ரப்பர், கீழே வயலெல்லாம் வீட்டுமனை. எங்க தாத்தாவோட வயலும் அப்படித்தான் போச்சு. அந்தக் காசுல ஒரு பங்குதான் என் இன்ஜினியரிங் ஃபீஸ். அதனால யாரையும் கை நீட்டிக் குறை சொல்ற தகுதி எனக்கில்ல.

இப்போ பணம் எங்கிருந்து வருது? பலரும் ராம்சர்னா வெளிநாட்டு நிதி கொட்டும்னு நினைக்கிறாங்க. அந்த அந்தஸ்தோட தானா வர்ற பணம்னு ஒண்ணு இல்ல. 2013ல தொடங்கின மத்திய அரசின் நீர்ச்சூழல் பாதுகாப்புத் திட்டத்துல செலவை மத்திய அரசும் மாநிலமும் 60:40னு பிரிச்சுக்கும். தமிழ்நாடு ஈரநில இயக்கம் அஞ்சு வருஷத்துக்குன்னு அறிவிக்கப்பட்டது. காடுகளுக்கு ஜப்பானின் ஜைக்கா நிதி வருது. அது மானியம் இல்ல, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். 2017ல குடிமராமத்து மறுபடி வந்தப்போ முதல்ல 100 கோடி ரூபாய் ஒதுக்கினாங்க. விவசாயிகள் பங்கு 10 சதவீதம், உழைப்பாவும் கொடுக்கலாம்.

இது எல்லாமே தேவைதான். ஆனா பெரும்பாலும் 'ப்ராஜெக்ட்' பணம். நம்ம ஆபீஸ்ல புது ஃபீச்சர் ரிலீஸுக்கு பட்ஜெட் கிடைக்கும், கேக் வெட்டுவோம். ரெண்டு வருஷம் கழிச்சு சர்வர் படுத்தா எழுப்ப ஆள் இருக்காது. குளமும் அதேதான். தூர்வாரி, கரை கட்டி, போட்டோ எடுத்தாச்சு. அடுத்த மழையில வண்டல் வரும், ஆகாயத்தாமரை வரும், கழிவுநீர் வரும். அதுக்கு அந்த பட்ஜெட்ல வரி இருக்காது. இன்னொண்ணு, குளத்தை நம்பி வயல் இருந்தப்போ மடை அடைச்சா நாலு பேர் சண்டைக்குப் போவாங்க. வயல் போனதோட அந்தச் சண்டை போட ஆளும் போயாச்சு. பறவைக்கு சண்டை போடத் தெரியாது.

தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நாம கவிஞராத்தான் படிச்சிருக்கோம். அவர் கல்வெட்டு ஆராய்ச்சியாளரும்கூட. நம்ம ஊர்ல கல்லுலயும் செம்புலயும் இருக்கிறதுல பாதி கணக்கு வழக்குதான், யார் எதுக்கு எவ்வளவு கொடுக்கணும்னு.

அதனால அடுத்த தடவை உங்க ஏரியாவுல 'ஏரி சீரமைப்பு, இத்தனை கோடி'ன்னு பலகை பார்த்தா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க. சென்னைக்காரங்க பள்ளிக்கரணைக்கும் கேட்கலாம். இந்தத் திட்டம் முடிஞ்ச மறுநாள், மடையைத் திறந்து மூட யாருக்குச் சம்பளம்?

நண்பனுக்கு அன்னைக்குச் சொல்ல முடியாத பதில் இதுதான். வெட்டினவங்க ஒரு வழி எழுதி வச்சிருந்தாங்க. நாம இன்னும் எழுதல. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.